இரண்டு விரற்கடை உயரம்

ரெங்கசாமி குனியாமல் எந்த வாசற்படியிலும் நுழைய முடியாத ஆள். அவர் தம்பி வாசு, அண்ணனின் தோள் உயரம்கூட இல்லாதவன். இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு லோரி. அந்த லோரிக்கு இருப்பதோ ஒரே ஒரு பிரேக் பெடல். இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சண்டையை வாராவாரம் தொடர்ந்து வருகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே போதும், மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னும் கொஞ்சம்.

அப்பா கிள்ளானிலிருந்து மாட்டு வண்டியில் புண்ணாக்கு ஏற்றி வந்து பால்காரர்களுக்கு இறக்கிய மனிதர். அவர் கண்ணை மூடிய கையோடு, அவருடைய ஜோடி மாட்டை ரெங்கசாமி விற்றார். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டிக் கழித்த, பின்பக்கம் திறந்த சின்ன லோரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன வாசு, வெறும் முளைக்குச்சியைப் பார்த்துவிட்டு வாளியோடு திரும்பி வந்தான். அன்றைக்கு நின்ற பேச்சுதான். ஒரே கூரை, ஒரே உலை, ஆனால் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. லோரி மட்டும் ஒரு நாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்கு.

வாய் பேசாததைப் பெடல் பேசியது. அண்ணன் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும், அதனால் அவர் பெடலைத் தாழ்த்துவார். தம்பிக்குக் கால் எட்டாது, அதனால் அவன் உயர்த்துவான். லோரிக்கு அடியில் படுத்து, பெடலிலிருந்து பின்னால் போகும் கம்பியின் நுனியில் கவட்டை மாதிரி இருக்கும் இரும்பைத் திருகினால் பெடல் ஏறும், இறங்கும். ரெங்கசாமிக்கு நீளமான கை, ஒற்றை ஆளாகவே செய்துவிடுவார். வாசுவுக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். தெருக்கோடியில் மாட்டுக் கொட்டில் வைத்திருக்கும் பால்காரர் சபாபதி, காலையில் லோரிக்குள் எட்டிப் பார்த்து, "பெடல் மேல நிக்குது, இன்னிக்குத் தம்பி முறை" என்பார். தெரு சிரிக்கும். இவர்களும் சேர்ந்து சிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ரெங்கசாமியின் மகள் இராஜம்மாவுக்கு நாளைக்குக் கிள்ளானில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில். பெண்ணையும் உறவுக்காரப் பெண்களையும் இன்று காலை அப்பாவே லோரியில் ஏற்றிப் போவதாக ஏற்பாடு. பந்தலையும் சமையலையும் பார்க்க வாசு விடியற்கால ரயிலிலேயே கிள்ளானுக்குப் போய்விட்டான். அண்ணனோடு பேச்சில்லாவிட்டாலும் அண்ணன் மகள் அவன் தோளில் தூக்கி வளர்த்த பெண்.

வாசுவின் மனைவி நல்லம்மாளால்தான் போக முடியவில்லை. நேற்றுக் காலையிலிருந்து அவள் வீட்டுக்குத் தூரம். லோரிக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. மூன்று நாளைக்கு அவள் யாரையும் தொடக் கூடாது, எதையும் தொடக் கூடாது, நல்ல காரியத்தின் எதிரில் வரவே கூடாது. இராஜம்மாவின் தலையில் நான்தான் பூ வைப்பேன் என்று தை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். பலகைச் சுவரின் இடுக்கு வழியாகக் கல்யாண வீட்டைப் பார்த்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

ஆனால் அவள் அழுகைக்குக் காரணம் அது மட்டும் இல்லை.

நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் வாசு லோரியைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஏழாங்கட்டை மைல்கல்லு இறக்கத்துல பெடல் தரைப்பலகையில போய் முட்டிருச்சு நல்லம்மா. பாதிதான் பிடிச்சது. முன்னால ஒரு மாட்டு வண்டி. ரோட்ட விட்டுப் புல்லுல இறக்கித்தான் நிறுத்தினேன்."

"அண்ணன் தாழ்த்தி வச்சதாலயா?"

"அவரு எப்பவும் தாழ்த்துறவருதான். காலையில கம்பியப் பிடிக்க ஆளில்லாம நானும் அப்படியே எடுத்துட்டுப் போயிட்டேன். இப்ப பிரேக் லைனிங் தேஞ்சு போச்சு. இன்னும் கீழ மிதிச்சாத்தான் பிடிக்கும், மிதிக்கக் கீழ இடமில்ல, பலகை தடுக்குது. ஏத்தி வச்சிட்டா பிடிக்கும். கல்யாணம் முடிஞ்சதும் லைனிங்க மாத்திக்கலாம். வா, கம்பியப் பிடி."

"நானா? நான் எப்படிங்க தொடறது?"

"வேற யாரக் கூப்பிட? அவரையா? இரும்புல என்னா ஒட்டப் போகுது, பிடி."

பிடித்தாள். கல்யாணப் பெண் ஏறப்போகிற லோரி என்று தெரிந்தே, ஊர் முறை எல்லாம் தெரிந்தே பிடித்தாள். வாசு திருகித் திருகி, வெளியே வந்து மிதித்துப் பார்த்து, மறுபடி படுத்துத் திருகி, பெடலை இரண்டு விரற்கடை உயர்த்தினான். அப்புறம்தான் அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இதுக்குக் கீழ ஒரு நூல் இறங்கக் கூடாது. அண்ணிகிட்ட சொல்லிரு. அண்ணி அவருகிட்ட சொல்லட்டும்."

"நீங்களே சொல்லுங்களேன். இந்த ஒரு தடவ."

வாசு கிரீஸ் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே நின்றான். "நான் சொன்னா அதுக்காகவே தாழ்த்துவாரு" என்றான்.

அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. சொல்லிப் பார்த்திருக்கலாம் என்பதிலும் உண்மை இருந்தது. ஒட்டாரம் என்று வந்துவிட்டால் அண்ணனுக்குத் தம்பி ஒரு இம்மி குறைந்தவன் இல்லை, உயரத்தில்தான் குறைச்சல்.

காலையில் ரெங்கசாமியின் மனைவி தனலெட்சுமி காப்பியோடு சாய்ப்புப் பக்கம் வந்தாள். தலை நிறையப் பூ, காலில் பரபரப்பு. படாமல் கொள்ளாமல் உயரத்திலிருந்து தம்ளரில் ஊற்றினாள்.

"அக்கா, பெரியவங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் நல்லம்மாள்.

பெரியவங்க என்றால் ரெங்கசாமி. கணவனின் அண்ணன், அவளுக்கு மூத்தார். மூத்தாரிடம் தம்பி மனைவி நேருக்கு நேர் பேசும் வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவரை அவள் மாமா என்றுகூடக் கூப்பிட்டதில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் இவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவரும் சாப்பாடு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். எதுவானாலும் தனலெட்சுமி வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும்.

"என்னா விஷயம்?"

"லோரி பெடல அவரு ஏத்தி வச்சிருக்காரு. பெரியவங்க அதத் தாழ்த்த வேணாம்னு..."

தனலெட்சுமி காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். "நாளைக்குப் பொண்ணு கழுத்துல தாலி ஏறணும். இன்னிக்கும் பெடல் சண்டையா?"

"சண்ட இல்லக்கா. லைனிங் தேஞ்சு போச்சு. தாழ்த்தினா பிரேக் பிடிக்காது."

"ஒனக்கு என்னாடி தெரியும் லைனிங்கு? ஒம்புருசன் சொல்லிக் குடுத்தத ஒப்பிக்கிற. எம்புருசன் முட்டியில வீக்கம் இன்னும் வத்தல. மஞ்சப் பத்து போட்டுக் கட்டுறவ நானு. நீ கண்ணால பாத்தியா பிரேக் பிடிக்காதத?"

பார்த்தேன், இந்தக் கையால்தான் கம்பியைப் பிடித்தேன், பலகையில் முட்டியதையும் ஏற்றிய பிறகு பிடித்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவ்வளவும் தொண்டை வரை வந்தது. தூரமாக இருக்கிறவள் லோரியைத் தொட்டாள் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. நல்லம்மாள் பயந்தாள். பயந்ததால் மென்று விழுங்கினாள்.

"அவரு சொன்னாரு" என்றாள்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தனலெட்சுமி போய்விட்டாள்.

தனலெட்சுமி கெட்டவள் அல்ல. நல்லம்மாளுக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுக் கஞ்சி புகட்டியவள். ஆனால் பெடலைப் பற்றி ஒரு வருஷமாக இந்தக் காதில் புகார், அந்தக் காதில் புகார். நிஜமான ஆபத்தும் அதே வாசல் வழியாக வந்ததால் அதையும் அவள் புகார் என்றே எடுத்துக்கொண்டாள். கணவனிடம் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் கொட்டகைக்குள் ரெங்கசாமி வரும் சத்தம் கேட்டது. நல்லம்மாள் இடுக்கில் கண்ணை வைத்தாள். சரிகைக் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பெடலில் காலை வைத்ததும் முழங்கால் ஸ்டியரிங்கில் மோதியது.

"இன்னிக்குமாடா?" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. மகளை அனுப்பும் நாளில்கூடத் தம்பி விட்டுக்கொடுக்கவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

இறங்கினார். சாக்கை விரித்தார். ஸ்பானரோடு லோரிக்கு அடியில் போனார்.

அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஆனால் மூத்தாரிடம் எப்படிப் பேசுவது? சாய்ப்பு மூலையில் கூடைக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்துக்கு அந்தக் காலத்துப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அவள் கோழியிடம் திரும்பினாள்.

"ஏ கோழி, ஒனக்குத் தெரியுமா? லோரிக்கு லைனிங் தேஞ்சு போச்சாம். பெடல் இப்ப இருக்கற உயரத்துலதான் பிரேக் பிடிக்குமாம். நேத்து ஏழாங்கட்டையில நிக்கவே இல்லியாம். பொம்பளப் பிள்ளைங்க ஏறப் போற லோரி, யாரும் அதத் தாழ்த்தக் கூடாதாம்."

ஸ்பானர் சத்தம் நின்றது. கோழி அவளை ஒரு கண்ணால் பார்த்தது.

"ஏ லோரி" என்றார் ரெங்கசாமி, அடியில் படுத்தபடியே. அவரும் முறை தவறாத மனிதர், அவளிடம் பேசமாட்டார். "முந்தாநாளு ஒன்ன ஓட்டினது நான்தான. நல்லாத்தான நின்ன. குட்டக் காலுக்காரனுக்கு எட்டாட்டி ஒம்மேல பழியா?"

மறுபடியும் ஸ்பானர் சத்தம். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் அவர் நிறுத்தவில்லை. கோபத்துக்கென்று இன்னும் ஒரு சுற்று தாழ்த்தினார். வெளியே வந்து, லோரியைச் சமதரையில் மெல்ல உருட்டி மிதித்துப் பார்த்தார். நின்றது. சமதரையில் உருளுகிற லோரி சும்மா விட்டாலே நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அவர் தம்பியை நம்பாமலிருப்பதில் குறியாக இருந்தார்.

வீடு இருப்பது மேட்டில். வாசலிலிருந்து தெரு சரிந்து இறங்கும். பாதி இறக்கத்தில் தண்ணீர்க் குழாய், அடியில் சபாபதியின் மாட்டுக் கொட்டில், அதைத் தாண்டி ஒரு கால்வாய், அப்புறம் ரயில் தண்டவாளம். ரெங்கசாமி லோரியை இறக்கத்தைப் பார்த்தபடி வாசலில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அணைவு கொடுத்தார். லோரியின் கை பிரேக் என்றோ செத்துப் போனது. பின்னால் பெஞ்சுப் பலகை போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். பெண்கள் ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். வெற்றிலைத் தட்டு, குத்துவிளக்கு, மடியில் குழந்தைகள், நடுவில் இராஜம்மா.

சாய்ப்பின் மறைவில் நின்று நல்லம்மாள் அதைப் பார்த்தாள். இராஜம்மா கால் முழுக்க மருதாணி இட்டிருந்தாள். அவள் கழுத்தை நீட்டி யாரையோ தேடினாள். தன்னைத்தான் தேடுகிறாள் என்று நல்லம்மாளுக்குத் தெரிந்தது.

பிரேக் பிடிக்காது என்று இங்கிருந்தே கத்தலாம். கத்தினால் சிரிப்பார்கள், பெடல் சண்டை கல்யாணத்துக்கும் வந்துவிட்டது என்பார்கள். வாசுவைக் கூப்பிடலாம் என்றால் அவன் கிள்ளானில் இருக்கிறான். சொல்லி ஆகாது. சொல்லாமல் ஆகிற காரியம் ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தால் லோரியில் இருக்கிற அத்தனை பேரும் அந்த நிமிஷமே இறங்குவார்கள். அதற்கப்புறம் இந்த வீட்டில் தனக்கு என்ன இடம் மிஞ்சும் என்று யோசித்தால் கால் நகராது. அதனால் அவள் யோசிக்கவில்லை.

மறைவை விட்டு வெளியே வந்தாள். விடுவிடுவென்று நடந்தாள்.

"ஏய் நல்லம்மா, எங்க வர்ற? தள்ளிப் போடி" என்று யாரோ சொன்னார்கள். நல்லம்மாள் லோரியின் பின்பலகையை இரண்டு கையாலும் பிடித்தாள். சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவில், பட்டுச் சேலைகளை இடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பெண்கள் அலறி எழுந்தார்கள். தட்டு கவிழ்ந்து வெற்றிலை சிதறியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதித்தவர்கள், பக்கவாட்டில் இறங்கியவர்கள் என்று கண் மூடித் திறப்பதற்குள் லோரி காலியாகிவிட்டது. கடைசியாக இராஜம்மா இறங்கினாள். இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "சித்தி?" என்றாள்.

"பாவி" என்றாள் தனலெட்சுமி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "எம்மக கல்யாணத்துல இப்படி மண்ணள்ளிப் போட ஒனக்கு எத்தன நாளா ஆசை?"

முன் இருக்கையிலிருந்து ரெங்கசாமி இறங்கி வந்தார். நல்லம்மாளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார். "தனம், அந்தப் பொண்ண இறங்கி உள்ள போகச் சொல்லு."

நல்லம்மாள் தானே இறங்கினாள். உள்ளே போகவில்லை. அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா" என்றாள்.

ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"பிரேக் பிடிக்காது மாமா. ஆளுங்கள ஏத்தாதீங்க."

ரெங்கசாமி கண்ணை இமைத்தார். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார் போலிருந்தது. அதற்குள் தனலெட்சுமி நடுவில் வந்துவிட்டாள். "கழுவணும். மஞ்சத் தண்ணி ஊத்தி லோரியக் கழுவணும். எல்லாரும் தலைக்கு ஊத்திக்கிட்டு வேற சேல மாத்துங்க. நல்ல நேரம் போறதுக்குள்ள கெளம்பணும். நீங்க ஏன் நிக்கிறீங்க, லோரியக் குழாய்க்கு எறக்குங்க."

ரெங்கசாமி கல்லை எடுத்தார். பெட்ரோலை மிச்சம் பிடிக்க, குழாய் வரை எஞ்சினைக் கிளப்பாமல் உருட்டிக்கொண்டே போவதுதான் அண்ணன் தம்பி இருவருக்கும் பழக்கம். ஏறி உட்கார்ந்தார்.

"மாமா, வேணாம்" என்றாள் நல்லம்மாள் மறுபடியும்.

லோரி நகர்ந்தது. முதலில் மெதுவாக. அப்புறம் அத்தனை மெதுவாக இல்லை. குழாயை நெருங்கும்போது அவர் முதுகு முன்னால் குனிந்ததை நல்லம்மாள் பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, உடம்பின் பாரம் முழுவதையும் காலில் போட்டு மிதிக்கிறார். லோரி குழாயைத் தாண்டியது. வரிசையில் வைத்திருந்த தகரங்கள் நசுங்கித் தெறித்தன. நல்ல வேளை, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கல்யாணக் கூட்டத்தைப் பார்க்க மேட்டில் நின்றிருந்தார்கள். ஹாரன் சத்தம் நிற்காமல் கேட்டது. கால்வாய்க்கு நேராகப் போய்க்கொண்டிருந்த லோரி கடைசி நேரத்தில் ஒடித்துத் திரும்பி, சபாபதியின் வைக்கோல் போருக்குள் புகுந்தது.

மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வைக்கோல் தூசி எழுந்து மெல்ல அடங்கியது.

எல்லாரும் ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவள் நல்லம்மாள். கதவு திறந்து ரெங்கசாமி இறங்கினார். தலையெல்லாம் வைக்கோல். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அது அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. லோரிக்கு மட்கார்டு நசுங்கியதோடு சரி.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மறுபடி உள்ளே குனிந்து, இடது கையால் பெடலை அழுத்தினார். அது இறங்கித் தரைப்பலகையில் டக்கென்று முட்டியது. இன்னொரு தடவை அழுத்தினார். அதே சத்தம். நிமிர்ந்து, பின்னால் காலியாகக் கிடந்த பெஞ்சையும் அதற்கு அப்பால் இருந்த தண்டவாளத்தையும் பார்த்தார். மகள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு முழம் பூ கிடந்தது.

மஞ்சள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடி வந்த தனலெட்சுமி, கணவனின் கையைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். ரெங்கசாமி அவளைத் தாண்டி நல்லம்மாளைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை, லோரியைப் பார்க்கவில்லை.

"நேத்து வாசு பெடல ஏத்தியிருக்கான். அவனால ஒத்தையா ஏத்த முடியாது" என்றார். "கம்பியப் பிடிச்சது யாரு?"

தம்பி பெயரை அவர் வாயால் சொல்லி எவ்வளவு காலமாயிற்று. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் நல்லம்மாளைப் பார்த்தார்கள்.

சபாபதி அண்ணன் பிடித்தார் என்று சொல்லிவிடலாம். சபாபதி ஓடிப்போன மாட்டைத் துரத்திக்கொண்டு தண்டவாளத்தின் அந்தப் பக்கம் நின்றார், இல்லை என்று சொல்ல ஆளில்லை. இன்றைக்கு ஏறியதாவது உயிர் காக்க ஏறியது, கழுவிவிட்டால் போகும், நாளைக்கு மன்னிப்பார்கள். நேற்றே தொட்டது வேறு. சூடம் காட்டுவதற்கு முன்பே, எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்பே அந்த லோரியில் அவள் கை பட்டிருக்கிறது. இனி இராஜம்மாவுக்குப் பிள்ளை தாமதமானாலும், மாப்பிள்ளை கையோங்கினாலும், பால் திரிந்தாலும் அந்தக் கையைத்தான் சொல்வார்கள். உலகத்தில் அவளுக்கென்று இருக்கிற ஒரே பிள்ளை அந்தப் பெண்.

நல்லம்மாள் இராஜம்மாவைப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"நான்தான் மாமா."

"நேத்தா?" என்றாள் தனலெட்சுமி. "நேத்தும் நீ தூரமாத்தானடி இருந்த?"

"ஆமாக்கா."

தனலெட்சுமி குடத்தைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் அவள் சேலையிலேயே சிந்தியது. அழுகை நின்றுவிட்டது.

சபாபதி மாட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். வைக்கோல் போரையும் ரெங்கசாமியின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கைய வச்சிக்கிட்டு எப்படி ஓட்டுவ? வேணாம்லா. வேற ஏதாச்சும் வண்டி பாக்கலாம்."

"நான் ஓட்டல" என்றார் ரெங்கசாமி. "டேசனுக்குப் போயி ஒரு தந்தி குடுங்க சபாபதி. தம்பிய வரச் சொல்லுங்க."

"நீ கூப்பிட்டதாப் போடவா? இல்ல பொதுவாவா?"

ரெங்கசாமி வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார். "அண்ணன் கூப்பிடுறேன்னு போடுங்க" என்றார். "வருவானோ என்னமோ."

அப்புறம் நல்லம்மாள் பக்கம் திரும்பினார். "அவன் வந்தா அவன் காலுக்கு எட்டணும். நேத்து எவ்வளவு ஏத்தினான்?"

நல்லம்மாள் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். "ரெண்டு விரக்கடை மாமா."

"நான் இன்னும் ஒரு சுத்து கூடத் தாழ்த்திட்டேன், அதையும் சேத்து ஏத்தணும். வலது கை ஆகாது. இடக்கையால திருகறேன். கம்பிய நீதான் பிடிக்கணும். வா."

அவர் வைக்கோலின் மேலேயே படுத்து உள்ளே நகர்ந்தார். தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நல்லம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து உள்ளே போனாள். நேற்றுப் பிடித்த அதே இடத்தில் கம்பியைப் பிடித்தாள். ரெங்கசாமியின் இடது கைக்கு ஸ்பானர் பழகவில்லை, நழுவி நழுவி விழுந்தது. அவர் திட்டவில்லை, மறுபடி எடுத்து மாட்டினார்.

"கெட்டியாப் பிடிம்மா" என்றார்.

அங்கிருந்து பார்த்தால் ஜனங்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஈரச் சேலை ஒட்டிய இரண்டு கால்கள் தனலெட்சுமியுடையவை. அவை அசையவில்லை.

"இந்த லோரியில எம்மகள ஏத்த மாட்டேன்" என்றாள் தனலெட்சுமி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "தம்பி வந்தாலும் சரி, சாமியே வந்து ஓட்டினாலும் சரி. நாளப்பின்ன அவளுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

ரெங்கசாமியின் ஸ்பானர் நின்றது.

கூட்டத்தின் கால்களிலிருந்து ஒரு ஜோடிக் கால்கள் பிரிந்து வந்தன. கொலுசு, குதிகால் வரை சிவந்த மருதாணி. அவை சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்றன.

"இராஜம்மா" என்றாள் தனலெட்சுமி. "நில்லு."

ஒரு கால் தரையை விட்டு எழும்பியது. அப்புறம் மற்றொன்று. தலைக்கு மேலே பெஞ்சுப் பலகை கிறீச்சிட்டது. நல்லம்மாள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.